நாற்பத்தொன்றாம் மூலக்கூறு

அடையாறு,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள சரண்,

அக்காவின் ஆசிகள். நேற்று மாலையிலிருந்து பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. போனை ஒதுக்கினாலும் மின்னஞ்சலைப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது என்பதால் இதில் எழுதுகிறேன்.

டெங்கு வைரஸ் இருந்த ஊசி விரலில் குத்திவிட்டது, நம்முடைய நாற்பத்தொன்றாம் மூலக்கூறை இரண்டு வேளை விழுங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லாதே என்று மூன்றே வரி அனுப்பியிருக்கிறாய். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. வெளியே தெரிந்தால் பெல்ஜியத்தில் உங்கள் ஆய்வுக்கூடத்தை ஒரு மாதம் மூடிவிடுவார்களாம். மூடட்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் அபிராமபுரத்தில் அவள் வீட்டுக்குப் போய்க் காய்கறி கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வாரம் நீ கேமராவை மூடிக்கொண்டு பேசினாயாமே. குழந்தை இளைச்சுப் போயிருக்கானோ என்னமோ, என்கிட்ட மறைக்கறான், நீயாவது கேளேண்டி என்கிறாள். முப்பத்தெட்டு வயதுக் குழந்தை. வேலை அதிகம் என்று சமாளித்தேன். எனக்குப் பொய் சரியாக வராது. அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

நான் இங்கே மூலக்கூறுகளைச் செய்து அனுப்ப, நீ அங்கே வைரஸ்கள்மேல் சோதிக்கிறாய்; ஆனாலும் ஒரே மருந்தால் பல வைரஸ்களைத் தடுக்கலாம் என்பதை நான் முழுதாக நம்பியதில்லை. தர்க்கத்தில் தவறில்லை. வைரஸ் நுழையவும் பெருகவும் நம் செல்லின் கைனேஸ் நொதிகளைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அவற்றை அடைத்தால் டெங்குவும் நிற்கும், சிக்குன்குனியாவும் நிற்கும். ஆனால் அந்த நொதிகள் நம்முடையவை. இதயத்துக்கும் அவை வேண்டும். நொதியின் பள்ளத்தில் இன்னும் இறுக்கமாக உட்காரட்டும் என்று நாற்பத்தொன்றில் கடைசி அணு வளையத்தைச் சேர்த்தது நான்தான். அது வேறு எங்கெல்லாம் போய் உட்காரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் முன்பு, என்னிடம் வேலை பார்க்கும் ஷகீலா, நாற்பத்தொன்றை இதயச் செல்களில் சோதித்துவிட்டு வந்து, மேடம், துடிப்பு இழுக்குது, நடுவுல ஒண்ணு விட்டுட்டு அடிக்குது என்றாள். கரைசல் பழசாக இருக்கும் என்றேன். சரண் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே மேடம் என்று கேட்டாள். மூன்று முறை செய்து பார்க்காத எதையும் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அதற்காக நீ என்னைக் கேலி செய்யாத நாளில்லை. அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே வந்தது. மூன்றாவது நேற்று முடிந்தது. உன் செய்தி வந்தபோது அந்த அறிக்கைக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதயத்தைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று எடுத்துக்கொண்டிருப்பாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வேளை வேண்டாம். வாந்தி வந்தால் நீயாக மாத்திரை போடாதே; அவற்றில் சில துடிப்பை இன்னும் இழுக்கும். டெங்குவே வந்தாலும் மருத்துவர் பார்வையில் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடலாம். இதயம் அப்படி அவகாசம் கொடுக்காது. இப்போதே மருத்துவமனைக்குப் போ, தனியாகப் போகாதே, இசிஜி எடுக்கச் சொல். மருந்தின் பெயர் கேட்பார்கள். அதற்கு இன்னும் பெயரில்லை. இத்துடன் இருக்கும் அறிக்கையைக் காட்டு. மூன்று சோதனைகளும் அதில் இருக்கின்றன. முதல் சோதனையின் தேதியை நான் மறைக்கவில்லை.

உங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கும் நகல் அனுப்பிவிட்டேன். உனக்குக் கோபம் வரும். அதை எழுத உட்காராதே. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பு. அங்கே படுக்கையில் படுத்துக்கொண்டு போன் செய்து திட்டு. எவ்வளவு நேரமானாலும் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

தீர்க்காயுசாக இரு, சரண்.

உன் அக்கா,
ஸ்ரீலக்ஷ்மி