மூக்குக் கம்பத்தின் வரலாறு

மார்ச் 3, ஞாயிறு

சிங்கப்பூர் ஜோடி காலையிலேயே கிளம்பிவிட்டது. வாடகை அறை இரண்டையும் கூட்டி, போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். போகும்போது அந்தப் பெண் கேட்டாள்: "மூணு பக்கமும் ஏரி, வெளிய போக ஒரே ரோடு. பயமா இல்லையா ஆன்ட்டி?" பாசிர் கூடாங் தொழிற்சாலைப் புகையில் பதினெட்டு வருடம் ஷிப்டு பார்த்தவளுக்கு இந்தத் தண்ணீரா பயம்? ஏரிக்குள் மூக்கு மாதிரி நீண்ட மேடு, அதனால்தான் மூக்குக் கம்பம் என்று சொல்லிச் சிரித்து வைத்தேன்.

மதியம் ஸ்டெஃபனி என்றொரு பெண் வந்தாள். ஏரிக்கரையில் ஓய்வு விடுதி கட்டப்போகும் கம்பெனியின் ஆள். கரையோரக் கம்பங்களை, இந்தச் சின்னக் கிராமங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். "உங்க கம்பத்து கதைய நீங்களே எழுதுங்கக்கா. இங்க படிச்சவங்க நீங்கதான்னு சொன்னாங்க." முப்பத்தொரு வீட்டில் பள்ளியின் கடைசிப் படி, ஃபார்ம் சிக்ஸ் வரை போனது நான் ஒருத்திதான், பொய்யில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9, சனி

பக்கத்து வீட்டுச் செல்லப்பன் அண்ணனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். எண்பத்து நாலில் அணை கட்டி ரப்பர் தோட்டம் முழுகியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. முனியாண்டி கல்லைத் தலையில் சுமந்து இந்த மேட்டுக்கு ஏறினாராம்.

"தோட்டத்து தொரைதாம்மா கை காட்டுனாரு, அந்த மேட்டுல போய் இருந்துக்குங்கன்னு. கிராண்டுக்கு மனு போடுறப்ப எல்லாம் அததான் மொதல்ல எழுதுவேன். நமக்கு இருக்கிற ஒரே பிடி அதான்."

முப்பது வருடமாக நிலப்பட்டா கேட்டு மனு எழுதுகிறார். அலுக்கவே இல்லை மனுஷனுக்கு.

மார்ச் 14, வியாழன்

எழுதி முடித்தேன், நாலு பக்கம். துரை கை காட்டிய இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. படித்தால் கூலி வாடை அடிக்கிறது. யாரோ தள்ளிவிட்ட இடத்தில் போய் ஒண்டிய கூட்டமா நாங்கள்? அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "யாரையும் கேட்கவில்லை. நாங்களாகவே வந்தோம், காட்டை வெட்டினோம், வீடு கட்டினோம்." என்ன கம்பீரம்! என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாதான் இருக்கு லா," என்றார் கமலநாதன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்ச் 15

அந்த வரியை ஸ்டெஃபனி இரண்டு முறை படித்தாள். "கன்ஃபர்மாக்கா? யாருமே பெர்மிஷன் குடுக்கலையா?" இல்லவே இல்லை என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கதைக்கு எதற்குக் கையெழுத்து?

ஏப்ரல் 2

மழையே இல்லை. ஏரி இறங்கிக்கொண்டே போகிறது, பழைய ரப்பர் பால் கொட்டாயின் சுவர் வெளியே தெரிகிறது.

ஏப்ரல் 22, திங்கள்

ரோடு முனையிலிருந்து எங்கள் வேலி வரை சிவப்புச் சாயம் பூசிய முளைகள். யார் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெஃபனிக்கு ஆறு முறை போன் செய்தேன் – எடுக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

நோட்டீஸ். எல்லா வீட்டுக்கும், இடத்தைக் காலி செய்யச் சொல்லி. மலாய்க் கடிதம் என்பதால் கோயிலில் என்னையே படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது பத்தியில் என் வரி! "குடியிருப்பவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டபடி, எவருடைய அனுமதியும் இன்றி..." அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். யாரும் கவனிக்கவில்லை.

பாவி, ஏன்டி அப்படி எழுதுன? யாரு கேட்டா ஒன் கம்பீரத்த?

ஜூலை 11, வியாழன்

டவுன் நில அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனுவில் துரை அனுமதித்தார் என்று இருக்கிறது, இதில் யாரையும் கேட்கவில்லை என்று இருக்கிறது, இதைச் சொன்னது யார் என்று மலாயில் கேட்டார். மொத்த ஊரும் உட்கார்ந்திருந்தது. நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

செல்லப்பன் அண்ணன் எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டதாகவும், நான் அதைக் கேட்டு அப்படியே எழுதியதாகவும், துரை அனுமதித்ததுதான் நிஜம் என்றும் சொன்னார். அப்படியானால் எதைத்தான் நம்புவது என்று கேட்டு அதிகாரி ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு விஜயன் அவர் மேல் பாய்ந்தான். "ஒங்கள நம்பித்தானே இருந்தோம்! முப்பத்தோரு வீட்டையும் கெடுத்துட்டீங்களே!"

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 20

கடையில் அவரோடு யாரும் பேசுவதில்லை. நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று உடைக்க ஆரம்பித்தார்கள். முதலில் செல்லப்பன் அண்ணன் வீடு. அவரும் அவர் மனைவியும் அலமாரியை லோரியில் ஏற்ற முடியாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் ஒரு ஆள் போகவில்லை. கமலநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"வேணாங்க, ஊரு பாக்குது," என்று நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.