சிவந்த நாக்கு

செப்டம்பர் 14
மகள் யீ-லாமின் கரப்பானுக்கு ஆஸ்பத்திரியில் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். உள்ளே நம் சீன மூலிகைத் தூள் இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம். எதுவென்று நர்ஸ் கோவுக்கே தெரியாதாம். "வேற எந்த மூலிகையும் கொடுத்துடாதீங்க. சோதனையே பாழாயிடும்" என்றாள். சரி என்றேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு முழங்கை மடிப்பெல்லாம் புண். ஆறினால் போதும்.

செப்டம்பர் 20
வாசனையே இல்லை. இதெல்லாம் ஒரு மருந்தா?
சின்ன வயதில் எனக்குக் கரப்பான் வந்தபோது அப்பா மண்சட்டியில் காய்ச்சினார். ஷாம் சுய் போ பகுதியில் அப்போது நாங்கள் இருந்த மாடி முழுக்க நாறும். "யாரு வீட்டுல செருப்பை வேகவைக்கிறாங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கத்துவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததும் அப்பா என் கையை விரித்து ஒரு மிட்டாய் வைப்பார். சிவப்பு வட்டம், புளிப்பு. கசப்புக்குக் கூலி. சிவந்த நாக்கை நீட்டிக்கொண்டு நடைபாதை முழுக்க ஓடுவேன். அந்த நாற்றத்துக்கு இப்போது ஏங்குகிறேன்.

அக்டோபர் 19
ராத்திரி சொறிந்த ரத்தக்கறை தலையணை உறையில் இல்லை!

நவம்பர் 2
முழங்கை ஆறிவிட்டது. மாவில்லை, மருந்துதான். மனசு சொல்கிறது.

நவம்பர் 6
வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். யீ-லாம் நாக்கை நீட்டிக்காட்டினாள். சிவப்பு.
கேப்ஸ்யூல் கசக்காதே — பிறகு மிட்டாய் எதற்கு? பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது அப்பாதான்.
"உடம்புச் சூடு தணிய நாலு வேர், இலை போட்டுக் குளிர்ச்சித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தேன். அதுக்கென்ன இப்போ?"
"மூலிகை கூடாதுன்னு சொன்னேனேப்பா!"
"அது மருந்தா? தெருமுனைக் கடையில பஸ்ஸுக்கு நிக்கிறவன்லாம் வாங்கிக் குடிக்கிறான். அவனெல்லாம் நோயாளியா?"
முதல் வாரத்திலிருந்தே கொடுக்கிறாராம். கத்திவிட்டேன். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நவம்பர் 9
நர்ஸிடம் சொல்லிவிட்டேன். எத்தனை பிள்ளைகள் இந்தச் சோதனையை நம்பியிருக்கிறார்கள், மறைக்க மனம் வரவில்லை. எங்களை விலக்கிவிட்டார்கள். "எதனால குறைஞ்சதுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றாள்.
எனக்கும் தெரியாது. கடைசிவரை தெரியாது.

நவம்பர் 15
அப்பா வருகிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், போகிறார். என்னிடம் பேச்சில்லை. குளிர்ச்சித் தண்ணி கொண்டுவரும் பிளாஸ்க்கும் வருவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
"நாளைக்குக் காய்ச்சி எடுத்துட்டு வாங்கப்பா" என்று நேற்று ராத்திரி போனில் நானே சொன்னேன். கொண்டுவந்தார். யீ-லாம் குடித்தாள். நானும் ஒரு கிண்ணம் குடித்தேன். அதே கசப்பு. சமையலறையில் நின்றபடியே அழுதுவிட்டேன்.
அப்பா சட்டைப்பையைத் துழாவினார். பேத்திக்கு ஒன்று. அப்புறம் என் கையைப் பிடித்து, விரித்து, ஒன்று வைத்தார்.
யீ-லாம் என் நாக்கைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.