சாம்பல் கோடு

மார்ச் 4

இன்றும் பரிசோதனை மேசைதான். கம்ப்யூட்டரின் நினைவகமான ரேம் பட்டை உறைக்குள் ஆடுகிறதா, தங்க நிறப் பற்களில் கைரேகை பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. புதிதாக வந்திருப்பதன் மேல் ‘லோ ப்ரொஃபைல்’ என்று போட்டிருக்கிறது. நாங்கள் ‘குட்டை’ என்போம். கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு பெரிய ஃபேன் இருந்தாலும் இடிக்காமல் அடியில் நின்றுகொள்ளும். ஆனால் உறையைப் பார்த்தால் குட்டை என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நெட்டை நின்றால்தானே குட்டை.

மார்ச் 6

அக்கா மாடியில், டிசைன் பிரிவில் இருக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போகத்தான் நான் பத்தாவதோடு நின்றேன். என்னையும் மேலே இழுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

குட்டையின் உறை முதலாளிக்குப் பிடிக்கவில்லையாம். அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் உறையின் பின்னட்டையில் சாதாரண ரேமின் உயரத்தைச் சாம்பல் கோடாக வரைந்தேன். குட்டையை அதன்மேல் வைத்ததும் மிச்ச இடம் காலியாகத் தெரிந்தது.

“அடிப்பாவி, இத்தனை நாள் இத எங்கடி வச்சிருந்த? உன் பேரச் சொல்லித்தான் காட்டுவேன், பாரு.”

மார்ச் 7

மேலே போனால் எல்லோரிடமும் பேச வேண்டுமே. கண்ணாடியிடம் பேசிப் பழகுகிறேன்.

மார்ச் 11

மாதிரி உறையோடு முதலாளி கீழே வந்தார், அக்காவும் கூடவே. “பிரமாதம். யாரு யோசனை?” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “ரொம்ப நாளா மனசுல இருந்தது சார்” என்றாள்.

யார் மனசுல?

மனசுக்குள் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

வீட்டில் கேட்டேன். “நீ வாயத் தொறந்திருந்தா நானா வேண்டாம்னேன்? தரையப் பாத்துக்கிட்டு நின்ன” என்றாள். அம்மா, “அவ வேற நீ வேறயா? பேரு வீட்டுக்குள்ளதானே இருக்கு” என்றாள்.

ஆமா, வீட்டுக்குள்ளதான் இருக்கு. பாத்திரம் தேய்க்கிற நானும் வீட்டுக்குள்ளதான் இருக்கேன்.

மார்ச் 19

அக்காவுக்குப் பதவி உயர்வு. அவளுக்கு உதவியாக, பட்டம் படித்த ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். “பத்தாவதுன்னா ஒத்துக்க மாட்டாங்கடி. நான் என்ன பண்றது?”

எனக்கும் புது வேலை கொடுத்தார்கள் — சாம்பல் கோடு நேராக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் ஒதுக்கலாம்.

பாவி, ஒன்றுகூடக் கோணவில்லை.

மார்ச் 27

அக்கா அடுத்த மாதிரியோடு என் மேசைக்கு வந்தாள். குட்டை இரண்டு சேர்ந்து வரும் உறை. குரலைத் தாழ்த்தி, “இதுல எதாவது உறுத்துதா, பாரேன்” என்றாள்.

பார்த்ததுமே தெரிந்தது. பட்டை உட்காரும் பள்ளத்தை நெட்டையின் அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். குட்டை அதற்குள் புதைந்து, ஒட்டிய பெயர்ச்சீட்டு பாதி மறைகிறது.

“நல்லா இருக்கு மேடம்” என்றேன். குரல் நடுங்கவில்லை.

பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்தாள். அக்கா உறையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். நான் அடுத்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.