நகராத படகு ஓடிய மணி

மார்ச் 3
படகு இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நானே பொருத்திவிட்டேன். ஒரு கம்பி சாவி போடும் இடத்துக்குப் பின்னால், இன்னொன்று எர்த். சாவியைத் திருப்பினேன், இன்ஜின் உறுமியது, மீட்டர் நகர்ந்தது. இயற்பியல் படித்தவனுக்கு இதற்கொரு மெக்கானிக் வேண்டுமா?

படகு எனக்கும் மச்சினனுக்கும் பாதிப் பாதி. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போகிறான் என்று நெடுநாள் சந்தேகம். இனி என் தலையில் மிளகாய் அரைக்க முடியாது. அவன் கல்யாணப் படத்தில் என் முகம் பாதிதான் விழுந்தது. மறக்கவில்லை.

மார்ச் 9
நாலு மணி நேரம் கூடியிருக்கிறது. நான் படகைத் தொடவே இல்லை. மாட்டினான்!

ஆனால் டீசல் குறையவில்லை. கட்டிய கயிற்றில் என் முடிச்சு அப்படியே இருக்கிறது. எப்படி?

மார்ச் 10
மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "ஒரு மீட்டரை வெச்சுக்கிட்டு என் தம்பியைத் திருடனாக்கிடாதீங்க" என்றாள். விட்டுக்கொடுப்பாளா?

மார்ச் 12
மச்சினனிடமே போனில் கேட்டுவிட்டேன். "சரி அத்தான், நான்தான் எடுத்தேன்னு வெச்சுக்கோங்க. என் பாதியையும் நீங்களே எடுத்துக்கோங்க, ஆளை விடுங்க."

வெச்சுக்கோங்கன்னா? எடுத்தானா இல்லையா? ஒண்ணும் புரியல.

மார்ச் 15
படகு ரேடியோவில் செய்தி கேட்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். இன்ஜினைக் கிளப்பவில்லை. பாட்டு வந்தது — நான் வைக்கிற நிலையமே இல்லை. தற்செயலாகப் பார்த்தால், மீட்டர் ஓடுகிறது! சாவியில் கம்பியைக் கொடுத்தது என் மடத்தனம். சாவி திரும்பினாலே மணி ஏறும்.

அப்படியானால் இங்கே யார் சும்மா உட்கார்ந்திருந்தது?

இருக்கைக்கு அடியில் என் மனைவியின் மூக்குக்கண்ணாடி. வீடு முழுக்க நானும் சேர்ந்து தேடிய கண்ணாடி. தம்பியின் சாவியைத்தான் வாங்கியிருப்பாள். அவனும் சொல்லவில்லை.

வீட்ல ரேடியோ இல்லையா? நான் என்ன பண்ணிட்டேன்? நான் பேச ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்லைன்னு சொல்வா, அதுக்காகவா?

மார்ச் 17
கம்பியை மாற்றப் போனேன். மாற்றவில்லை. கண்ணாடியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மச்சினனைக் கூப்பிட்டேன். "பாதி உன்னுதுதான். சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்."

"அக்கா ஏதாச்சும் சொன்னாளா, அத்தான்?"

"என்ன சொல்லணும்?"

மார்ச் 23
மீட்டர் மறுபடி ஏறியிருக்கிறது. பேட்டரி இறங்கிக் கிடந்தது. சார்ஜ் போட்டுவிட்டு, பாட்டு நிலையத்தை மாற்றாமல் வந்தேன்.