ஐந்தருவியில் உன்னைத் தேடினோம்

அன்புள்ள தோழிக்கு,

உன் போன் அணைந்தே கிடப்பதால் நீ தங்கியிருக்கும் விடுதி முகவரிக்கு எழுதுகிறேன். உன்னைச் செங்கோட்டையில் கொல்லம் ரயிலில் ஏற்றிவிட்டு நான் கடையநல்லூர் திரும்பிய அன்றே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொல்லி, காணவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். குற்றாலம் பஸ்ஸில் உன்னைப் பார்த்ததாக யாரோ சொல்ல, ஊரே கடையை அடைத்துவிட்டு ஐந்தருவிக்குப் போனது. நானும் போனேன்.

மூன்று நாளாகச் சாரலில் நனைந்தபடி தேடுகிறோம். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். உன் வீட்டுக்காரர் பாறையில் உட்கார்ந்து அழுதார். ஆளுக்காள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். உன் கையிலிருந்த மாவுக்கட்டைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லிச் சத்தம் மட்டும் போட்டேன்.

நேற்று உன் மகள் ஜுஹைனா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சாச்சி, எல்லாரும் தண்ணியப் பாக்குதாங்க. நீங்க மட்டும் பாக்கவே மாட்டேங்கியளே?”

அவளை ஓரமாகக் கூட்டிப்போய், நீ உயிரோடு இருப்பதை மட்டும் சொன்னேன். அவள் அழவில்லை.

“உம்மா என்னையக் கேட்டாங்களா?” என்றாள்.

கேட்டாய் என்று சொல்லிவிட்டேன். ரயில் கிளம்பும்வரை நீ அவள் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் இறங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

அவளுக்கு ஒரு வரியாவது எழுது. இன்று காலை அவளும் கூட்டத்தோடு நின்று, “உம்மா, உம்மா” என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் தோழி