அவரைப் பந்தலில் படர்ந்த பூ

காரைக்குடி
பிரஜோத்பத்தி வருஷம் மாசி 24

என் கண்ணான மகன் மாயக்கண்ணனுக்கு ஆத்தா சோணையம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. பினாங்கில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை. எப்போதும் உன் அய்யாதான் எழுதுவார், என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும். பதறாதே, அய்யா பிழைத்துவிட்டார், கஞ்சி குடிக்கிறார். நடந்ததை உன்னிடமாவது ஒளிக்காமல் சொல்கிறேன்.

நீ கப்பலேறிய பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது, கொல்லையில் நாலு கட்டில் போடும் இடம்தானே, அதில் கத்தரி, மிளகாய், கனகாம்பரம், சாமந்தி, கீரை என்று கைக்கு வந்ததையெல்லாம் நட்டேன், பாத்தியும் கிடையாது வரிசையும் கிடையாது. நடுவில் அவரைப் பந்தல், அதன் காலடியில் சர்க்கரைவள்ளி. அரிசி மண்டியில் தராசு பிடிக்கிற உன் அய்யா மண்வெட்டியைத் தொட்டவரா, இது என்னடி தோட்டமா பன்னி அடையிற புதரா என்று தினம் ஒரு கேலி. கார்த்திகையில் அவரைப் பந்தலில் காந்தள் பூத்தது, பாதி சிவப்பு பாதி மஞ்சள், அன்றோடு மனிதர் மாறிவிட்டார். நீராகாரச் செம்போடு அங்கேயே நிற்பார், மண்டிக் குழந்தைவேலுவைக் கூட்டி வந்து காட்டினார், நம்ம வீட்டுக்குப் பின்னால இப்புடி ஒரு எடம் இருக்குன்னு இத்தனை வருசம் தெரியலையே என்று சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் காந்தள் கிழங்கு கண்டரமாணிக்கத்து வேலியிலிருந்து நான் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது விஷமென்று, டவுனில் பிறந்த உன் அய்யாவுக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். ஒரு தேள் வந்ததற்கு முருங்கையையே வெட்டிப்போட்டவர் ஆயிற்றே, சொன்னால் பிடுங்கி எறிவார் என்று வாயை மூடிக்கொண்டேன். கிழங்கை யார் தின்னப்போகிறார்கள் என்று நினைத்தேன் தம்பி.

மாசி பதிமூன்று காலையில் நான் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். காந்தள் கொடி காய்ந்துபோய், கிழங்கு கிடக்கிற இடத்துக்குத் தரையில் தடம் இல்லை. என்னை மகிழ்விக்க என்று அய்யா வள்ளிக்கிழங்கு தோண்டி வெந்நீர் அடுப்புத் தணலில் சுட்டு வைத்திருக்கிறார். நான் குடத்தை இறக்குவதற்குள், இந்தா என் வெள்ளாமை என்று சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார், அதில் கலப்பை போல் வளைந்த காந்தள் கிழங்குத் துண்டு ஒன்று. ஒண்ணு மட்டும் கசந்துச்சு, பாதியை முழுங்கிட்டேன் என்றார். மீதியைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தேன். உச்சிப்பொழுதுக்குள் வாந்தியும் பேதியும். வைத்தியர் வந்து என்ன சாப்பிட்டீக என்று கேட்டபோது, அய்யா என் முகத்தையே பார்த்தபடி கிடந்ததால் வள்ளிக்கிழங்கு என்றேன். வைத்தியர் வாசலுக்குப் போன பிறகுதான் ஓடிப்போய்க் காலைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். கண்டபடி திட்டிவிட்டு மருந்தை மாற்றினார். அந்த இடைவெளியில் ஏதாவது ஆகியிருந்தால் நான் கொன்றதுதானே. மூன்றாம் நாள் என்னையே யாரென்று கேட்டார்.

இப்போது தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, நேந்துக்கிட்ட மொட்டைக்கு நாவிதன் வேண்டாம் என்று அதற்கும் கேலி. கிழங்கு அழுகியிருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் உடம்பு தேறட்டும், அப்புறம் நீயே சொல்லு என்றார் வைத்தியர். நான் நீட்டுகிற கஞ்சியை என்ன ஏதென்று பார்க்காமல் குடிக்கிறார். காந்தள் கிழங்கு ஒன்று விடாமல் தோண்டி எரித்துவிட்டேன், மூன்று தடவை மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இது தெரியாமல் நேற்றுச் சுவரைப் பிடித்து நடந்துபோய், அதே இடத்தில் கவைக்குச்சி ஒன்றை நட்டுக் கயிறு கட்டினார். மழை விழுந்தால் பூங்கொடி ஏற வேணும்ல, தண்ணி ஊத்து என்றார். வெறும் மண்ணுக்கு ஒரு குடம் ஊற்றினேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, இதற்காக வேலையை விட்டு ஓடி வராதே, உன் அக்கா மீனாள் துணைக்கு வந்திருக்கிறாள். கோவிலூர் ஈசுவரன் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஒன்று மறக்காதே, உன் கடிதம் வந்தால் அய்யாதான் பிரித்து வாசிப்பார், அதில் பூவைப் பற்றியோ கிழங்கைப் பற்றியோ ஒரு எழுத்தும் வேண்டாம். மழைக்கு முன்னால் அதை அவர் என் வாயால்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சோணையம்மாள்