கேள்விப் பெட்டியும் சின்னச் சட்டியும்

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று கேள்விப் பெட்டியில் ஏழு சீட்டுகள். திருப்பலி முடிந்ததும் பத்து நிமிடம் பைபிளிலிருந்து பதில் சொல்லும் வேலையை ஃபாதர் என் தலையில் கட்டி ஐந்து மாதமாகிறது. 'நல்லவங்களுக்கு ஏன் கஷ்டம் வருது?' என்பதற்கு யோபுவைப் பிடித்துக்கொண்டு ஒரு வழியாகக் கரையேறினேன். கடைசிச் சீட்டு சுலபம்: 'சாமிக்குப் படைத்ததை நாம் சாப்பிடலாமா?' திருத்தூதர் பணிகள் 15:29. கூடாது. அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

"அமலோற்பவம், நீ ஊசி போடறத வுட்டுட்டு பிரசங்கத்துக்கே போயிருக்கலாம்" என்றார் ஆல்பர்ட், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. கட்டிய புருஷன் பாராட்டுவது அபூர்வம். சங்கராபுரத்தில் எங்கள் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 23, புதன்

தடுப்பூசி நாள். மலைக்குப் போனேன். ஒன்பது குழந்தைகள், ஒன்பது அழுகை. மதியம் வழக்கம்போல ராணியம்மாள் அக்கா வீடு. ஆறு வருடமாக புதன்கிழமைச் சோறு எனக்கு அங்கேதான்.

இன்று அவர்கள் வீட்டில் புதுச் சாமை. முதல் அறுப்பைப் பொங்கி சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது உறைத்தது. ஐயோ — வருஷா வருஷம் இதைச் சாப்பிட்டுவிட்டா ஊருக்கு உபதேசம் செய்தேன்?

வயிறு சரியில்லை என்றேன்.

"அப்படீங்களா நர்ஸம்மா" என்று மட்டும் சொன்னார். தட்டை மூடி உள்ளே கொண்டுபோனார். சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தார். நல்ல வயிற்றோடு அதைக் குடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

கொத்தனார் பிலவேந்திரன் கோயில் வாசலில் நிறுத்திவிட்டார். அந்தக் கடைசிச் சீட்டு அவருடையதாம். "நீங்க சொன்னீங்கன்னு எங்க மேஸ்திரி வீரமணி குடுத்த பொங்கல வேணாம்னுட்டேன். இருவது வருசமா ஒண்ணா வேல செய்றோம். மூஞ்சியே சுண்டிப் போச்சி அந்தாளுக்கு. இப்ப டீக்கூட தனியாப் போய்க் குடிச்சிக்கினு வர்றாரு."

அரை நிமிடப் பதில்!

அக்டோபர் 29

சமையலைக்கூட ஆல்பர்ட்டிடம் விட்டுவிட்டுப் படித்தேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், எட்டாம் அதிகாரம், பிறகு பத்து. இத்தனை நாள் இதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். பவுல் ஒரே வார்த்தையில் முடிக்கவில்லை. சிலை வழிபாட்டை விட்டு விலகு என்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் போ, வைத்ததைத் துருவிக் கேட்காமல் சாப்பிடு என்கிறார். 'இது படைத்தது' என்று யாராவது சொன்னால் விட்டுவிடு — உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக.

இதை மூன்று முறை படித்தேன். அப்படியானால் எதிரே இருப்பவரைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லையா? நான் ராணியக்கா முகத்தைப் பார்க்கவே இல்லையே. தட்டைத்தானே பார்த்தேன்.

நவம்பர் 5

நாளை புதன். போன வாரம் மலைக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அக்கா கோபித்துக்கொண்டால்? ஆறு வருடப் பழக்கம் போய்விட்டால்?

நவம்பர் 6, புதன்

சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு வயித்து வலியெல்லாம் இல்ல. பொய் சொன்னேன். படைச்ச சோறுன்னு பயந்துட்டேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின.

"அது படைச்சதில்லீங்களே நர்ஸம்மா! மொத வருசம் நெத்தியில கைய வச்சி கும்புட்டுட்டு, சோத்தையே பாத்துக்கினு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தீங்க. ஏதோ மனச உறுத்துதுன்னு அப்பவே தெரிஞ்சிக்கினேன். மறு வருசத்துலேர்ந்து ஒங்களுக்கு சின்ன சட்டியில தனியாப் பொங்கிடுறேன். அத சாமிகிட்ட கொண்டு போறதே இல்ல."

"ஒங்க சாமிக்குக் கோவம் வராதாக்கா?"

"அதுக்குத்தான் பெரிய சட்டி இருக்குதே. இன்னா கோவம்?"

அழுதுவிட்டேன். ஐந்து வருடம்! ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று களிதான், கீரைக் குழம்பு. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று பெட்டியைத் திறக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் பாதிப் பதில்தான் சொன்னேன் என்று எழுந்து நின்று சொன்னேன். மீதியையும் வாசித்தேன். "வேண்டாம்னா காரணத்தை மரியாதையாச் சொல்லுங்க. என்னை மாதிரி வயித்து மேல பழி போடாதீங்க" என்றதும் சிரித்தார்கள். ராணியக்காவின் சின்னச் சட்டியைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 17

பிலவேந்திரன் மேஸ்திரியிடம் போய்க் காரணத்தைச் சொல்லிவிட்டாராம். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒனக்கு வாழப்பழம் குடுத்திருப்பேன்ல" என்றாராம் வீரமணி. டீ இப்போது ஒன்றாகத்தான்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். மதியம் ராணியக்கா மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். முதல் தடவை. சக்தி அம்மனுக்கு மாலை போட்டு விரதமிருக்கிறாராம், சிவப்புப் புடவையில்தான் வருவாராம். போனில் அதை மட்டும் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

காலைப் பூசை முடிந்து வந்ததும், பிரியாணிக்குக் கறி கழுவும் முன்பே அடுப்பைத் துடைத்து, நேற்று சந்தையில் வாங்கிய புதுச் சட்டியில் சாம்பார் சாதம் வைத்து இறக்கி மூடினேன். கரண்டியும் தனி.

ஆல்பர்ட் எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, சின்ன சட்டி?"

"ஒண்ணு கொரிந்தியர், பத்தாம் அதிகாரம்" என்றேன்.